மதிப்பெண் தாளில் அடங்காத நடனம்

பரதநாட்டியப் போட்டிக்கு நடுவராகப் போனால் கையில் ஒரு தாள் தருவார்கள். அங்கசுத்தம் (உடல் நிலைகளின் துல்லியம்), தாளம், பாவம் (உணர்ச்சி வெளிப்பாடு), அலங்காரம் என்று கட்டங்கள் இருக்கும். வழக்கமான நடன உருப்படிகளுக்கு அது போதும். ஆனால் யாராவது புதிதாக ஒன்றை முயன்று பார்த்தாலும் பெற்றோரும் சில ஆசிரியர்களும் அதே தாளை வைத்துத்தான் அளக்கிறார்கள். நகை இல்லை, சாமி இல்லை, சிரிப்பு இல்லை, அப்புறம் இது என்ன நடனம் என்கிறார்கள்.

அதனால்தான் மாணவிகளிடம் நடனக் கலைஞர் சந்திரலேகாவைப் பற்றி அடிக்கடி பேசுகிறேன். காஞ்சிபுரம் எல்லப்ப பிள்ளையிடம் முறையாகக் கற்றவர் அவர். 1952இல் நடந்த அவருடைய அரங்கேற்றம் ராயலசீமா வறட்சி நிவாரணத்துக்கு நிதி திரட்டுவதற்கானது. யமுனையின் நீர்ப்பெருக்கை அபிநயம் பிடிக்கும்போது, ஊரே தண்ணீருக்குத் தவிப்பது உறைத்து அப்படியே நின்றுவிட்டதாகப் பின்னாளில் சொன்னார். 1985இல் வந்த ‘அங்கிகா’ என்ற நடனப் படைப்பில் பரதத்தோடு கேரளத் தற்காப்புக் கலையான களரிப்பயட்டையும் யோகத்தையும் சேர்த்தார். நாயகியின் ஏக்கமும் கடவுள் கதையும் போயின, முழங்காலை மடக்கி நிற்கும் பரதத்தின் அடிப்படை நிலையான அரைமண்டி போகவில்லை. 2001இன் ‘ஷரீரா’வில் துருபத் என்ற இந்துஸ்தானி இசைக்கு இரண்டே பேர், அவ்வளவு நிதானமாக அசைவார்கள். இதற்குப் பாவம் என்ற கட்டத்தில் எத்தனை மார்க் போடுவீர்கள்?

மரபு கெடுகிறது என்பவர்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். அலாரிப்பு முதல் தில்லானா வரையிலான வரிசையை ஒழுங்குபடுத்தியது 19ஆம் நூற்றாண்டில் தஞ்சை நால்வர் எனப்படும் நான்கு சகோதரர்கள். சதிர் என்று அதுவரை அழைக்கப்பட்ட இந்த ஆட்டத்துக்குப் பரதநாட்டியம் என்ற பெயர் நிலைத்ததே 1930களில்தான். அந்த மாற்றத்தில் இதை வழிவழியாக ஆடிவந்த இசை வேளாளர் குடும்பத்துப் பெண்களின் சிருங்காரம் (காதல் உணர்வு) தரக்குறைவு என்று ஒதுக்கப்பட்டது. அதுவும் ஒரு தீர்ப்புதான். தலைமுறை தலைமுறையாக ஆடியவர்கள் மேடையை இழந்தார்கள். இன்று நாம் விதி என்று பிடித்துக்கொண்டிருப்பதில் பாதி, அந்தத் தீர்ப்பில் வந்தது.

சரி, புதுமை என்றால் எல்லாமே நல்லதா? இல்லை. அடவு, அதாவது அடிப்படை அசைவு, சுத்தமாக வராததை மறைக்கக் கன்டெம்பரரி என்று பெயர் வைப்பதையும் பார்க்கிறேன். தான் விடுகிற விதியை அந்த உடம்பு அறிந்திருக்கிறதா என்று முதலில் கவனிப்பேன். முதுகும் மூச்சும் காட்டிக்கொடுத்துவிடும்.

போட்டி நடத்துபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இப்படிப்பட்ட நடனங்களைத் தனிப் பிரிவாக வையுங்கள். ஆடியவரை இரண்டு நிமிடம் பேசவிட்டு, எதை விட்டார், ஏன் விட்டார் என்று கேளுங்கள். மார்க்குக்குப் பதில் நடுவர்கள் பார்த்ததை நாலு வரி எழுதித் தரட்டும்.