குளியலறை அலமாரியைக் கவிழ்த்துப் பாருங்கள்

பழுதுக்கு வரும் குளியலறை அலமாரி எதுவானாலும் முதலில் கவிழ்த்துப் போட்டுத்தான் பார்ப்பேன். முன்பக்கம் பெரும்பாலும் பளபளவென்றே இருக்கும். காலின் அடி மட்டும் கறுத்துப்போய், நகத்தால் கீறினாலே உதிரும். அப்புறம் பின்பலகையில் குழாய்க்காகப் போட்ட ஓட்டை. அதன் விளிம்பில் ஒரு சொட்டு வார்னிஷ்கூடப் பட்டிருக்காது.

தொழிலுக்கு வந்த புதிதில் நானே அப்படி ஒன்று செய்து கொடுத்திருக்கிறேன். நல்ல தேக்கு, முன்பக்கம் நான்கு பூச்சு. காலடியில் ஒன்றுமில்லை. தரையில் நிற்கிற இடத்தை யார் பார்க்கப் போகிறார்கள் என்று விட்டுவிட்டேன். தண்ணீர் பார்த்துவிட்டது.

மரம் என்பது மெல்லிய குழாய்களின் கட்டு. அந்தக் குழாய்கள் வாய் திறந்திருப்பது குறுக்கே அறுத்த முனையில். பலகையின் முகத்தைவிட அங்கே பல மடங்கு வேகமாகத் தண்ணீர் ஏறும். மரத்தின் ஈரப்பதம் 20 சதவீதத்துக்கு மேலேயே நின்றுவிட்டால் பூஞ்சை வேலையைத் தொடங்கிவிடும்.

தேக்கு வாங்கினால் கவலையில்லை என்பது பாதிதான் உண்மை. அதன் எண்ணெயும் உறுதியும் வைரம் எனப்படும் கருமையான நடுமரத்தில்தான். அதைச் சுற்றி ஓரத்தில் இருக்கும் வெளிர்நிற மரமான வெளிறு மற்ற மரம்போலவே அழுகும். வெளிர்நிறக் கீற்று தெரிந்தால் அந்தப் பலகையை ஒதுக்குங்கள். பிளைவுட் என்றால் தண்ணீரைத் தாங்கும் பினாலிக் பசையால் ஒட்டியதைக் கேட்டு வாங்குங்கள். அதன் ஓரங்களையும் அடைக்க வேண்டும். மர நாரைப் பசையோடு அழுத்திச் செய்யும் சாதாரண எம்.டி.எஃப். பலகை வேண்டவே வேண்டாம். ஒருமுறை ஊறி உப்பினால் காய்ந்தாலும் பழைய தடிமனுக்குத் திரும்பாது.

பசையில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். சாதாரண வெள்ளைப் பசை ஈரத்தில் இளகிவிடும். டப்பாவில் ஐரோப்பிய வகைப்பாடு அச்சிட்டிருந்தால், டி3 அவ்வப்போது நனைந்து காயும் இடத்துக்கு, டி4 நெடுநேரம் ஈரத்தில் நிற்கும் இடத்துக்கு. பாலியூரித்தேன் பசை நுரைத்துப் பொங்கி இடுக்கை நிரப்பும். நிரம்பிவிட்டதே என்று சந்தோஷப்படாதீர்கள், அந்த நுரைக்குப் பலமே கிடையாது. இடுக்கு இருக்கிற இணைப்புக்கு நான் இரண்டு பாகத்தைக் கலந்து பூசும் எபாக்ஸி பசைதான் போடுவேன். ஆனால் கிளாம்பை முறுக்கு முறுக்கென்று முறுக்கினால் எபாக்ஸி மொத்தமும் வெளியே வந்துவிடும். மிதமாகப் பிடித்தால் போதும்.

தேக்கில் இன்னொரு சங்கடம் உண்டு. அழுகாமல் காக்கும் அதே எண்ணெய் பசையைப் பிடிக்க விடாது. ஒட்டும் முகத்தை உப்புத்தாளால் தேய்த்து, அசிட்டோன் நனைத்த துணியால் துடைத்துவிட்டு உடனே ஒட்டுங்கள். சாப்பிட்டுவிட்டு வந்து ஒட்டலாம் என்று போனால் எண்ணெய் மறுபடி மேலே வந்துவிடும்.

பூச்சு எதுவானாலும் ஈரத்தைத் தாமதப்படுத்துமே தவிர, முழுதாகத் தடுக்காது. ஷெல்லாக் என்கிற அரக்குப் பூச்சைக் குளியலறைக்குக் கொண்டுவராதீர்கள். தண்ணீர் நின்றால் வெளுத்துவிடும். பாலியூரித்தேன் வார்னிஷ் நன்றாக உழைக்கும். ஆனால் இணைப்பில் ஒரு கீறல் விழுந்தால் அதன் வழியே நுழைந்த நீர் பூச்சுக்கு அடியிலேயே தங்கிவிடும். எண்ணெய்ப் பூச்சு அடிக்கடி கேட்கும், பதிலுக்குப் பழுது பார்ப்பது சுலபம். ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், தானாகவே தீப்பற்றும். விரித்துக் காயவிடுங்கள்.

இப்போதெல்லாம் அலமாரி சேர்ந்ததும் முதல் வேலை காலடிதான். தலைகீழாக நிறுத்தி, வெட்டு முனையில் எபாக்ஸி தடவுவேன். சில நிமிடத்தில் உறிஞ்சி மங்கிவிடும். மறுபடி தடவுவேன். மரம் குடிப்பதை நிறுத்தி, ஈரப் பளபளப்பு அப்படியே நிற்கும்வரை விடமாட்டேன். குழாய் ஓட்டையின் விளிம்புக்கும் இதே கவனிப்பு. அது இறுகியபிறகுதான் முன்பக்கத்து வார்னிஷ் டப்பாவைத் திறப்பேன்.