பாட்டியின் தாலாட்டும் மரபுடைமைச் சட்டமும்
மரபுடைமை என்றாலே பழைய கட்டடமும் கோட்டையும்தான் நமக்கு நினைவுக்கு வரும். மலேசியாவில் 2006 மார்ச் 1 முதல் நடப்பில் இருக்கும் தேசிய மரபுடைமைச் சட்டம் (சட்டம் 645) பாட்டையும் சேர்த்துத்தான் பேசுகிறது. கையால் தொட முடியாத மரபு எது என்று அது சொல்லும் இடத்தில் மொழி, சொலவடை, நாட்டுப்புறப் பாடல், வாய்மொழி மரபு, இசை, நடனம், தற்காப்புக் கலை எல்லாம் வருகின்றன. மலேசியச் சமூகம் ஒன்றின் மரபாக இருந்தால் போதும். இன்ன இனம், இன்ன மொழி என்ற கட்டுப்பாடு இல்லை. எனக்குப் பெரிதாகப் படுவது இதுதான். தோட்டப்புறத்தில் நம் பாட்டிமார் பாடிய தாலாட்டும் ஒப்பாரியும், தைப்பூசத்தில் பத்துமலைக்கும் தண்ணீர்மலைக்கும் காவடியோடு போகும் உறுமி மேளமும் இந்த வரையறைக்குள் அடங்கும்.

சரி, என்ன செய்யலாம்? தேசிய மரபுடைமையாக அறிவிக்கும்படி யார் வேண்டுமானாலும் மரபுடைமைக்குப் பொறுப்பான அமைச்சருக்குப் பரிந்துரைக்கலாம். சங்கமோ பட்டமோ தேவையில்லை. அதற்கென்று படிவம் உண்டு. இதைக் கவனிக்கும் துறை கோலாலம்பூரில் உள்ள ஜபாத்தான் வாரிசான் நெகாரா, அதாவது தேசிய மரபுடைமைத் துறை. உயிரோடிருக்கும் கலைஞரையேகூட அப்படி அறிவிக்கச் சட்டத்தில் இடமுண்டு.

வரலாறு, சமூகத் தொடர்பு, அரிய தன்மை, கற்பிக்க உதவுமா என்பதையெல்லாம் அமைச்சர் பார்ப்பார். அதனால் "அழகான பாட்டு" என்று எழுதினால் போதாது. எந்தத் தோட்டம், பால்மரம் வெட்டும்போதா சாவு வீட்டிலா, யாரிடம் கற்றது, இன்று எத்தனை பேருக்குத் தெரியும் என்று விவரமாக எழுதுங்கள்.

அறிவிப்பு வந்தால் அரசே பாடிக்கொண்டிருக்கும் என்று எண்ண வேண்டாம். மரபை வளர்ப்பது, அடுத்தவருக்குக் கற்றுக்கொடுப்பது, அரங்கேற்றுவது, ஆய்வுக்கு உதவுவது எல்லாம் அதை வைத்திருப்பவரின் கடமை என்கிறது 60ஆம் பிரிவு.

தாத்தா வாசித்த பழைய உறுமியோ உடுக்கையோ இருந்தால் அதற்கு வழி வேறு. அது பொருள் என்பதால், மரபுடைமைப் பொருளாகப் பதிவு செய்ய மரபுடைமை ஆணையரிடம் விண்ணப்பிக்க வேண்டும்.

அப்புறம், ஒலிப்பதிவு. 1987ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் நாட்டுப்புறக் கலையை நிகழ்த்துபவருக்கும் உரிமை தருகிறது. பாடுபவர் சொந்தப் பாட்டியே ஆனாலும் சம்மதம் கேட்டுவிட்டுப் பதியுங்கள். குறுந்தட்டாக வெளியிட்டால் 2 படிகளைத் தேசிய நூலகத்தில் ஒப்படைக்க வேண்டும்; அது 1986ஆம் ஆண்டுச் சட்டம்.

படிவத்துக்காகக் காத்திருக்காமல், இந்த வாரமே கைப்பேசியில் பதிந்துவிடுங்கள். பாடுபவர் தம் பெயர், தோட்டம், தேதி, சம்மதம் ஆகியவற்றைத் தொடக்கத்திலேயே தம் குரலில் சொல்லட்டும்.