தள்ளாட்டத்துக்குக் காரணம் குடியல்ல

கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயனில் வசிக்கும் 26 வயது இளைஞனைப் பற்றி அக்கம்பக்கத்தில் பேசுவது ஒன்றுதான்: "அப்பனைப் போலவே குடித்துச் சீரழிகிறான்." அவன் குடிப்பதில்லை. நடை தள்ளாடுவதற்கும், விரல்கள் தாமாகத் துடிப்பதற்கும், பேச்சு குழறுவதற்கும் காரணம் மூளையைத் தாக்கும் பரம்பரை நோயான ஹண்டிங்டன் நோய். இறந்துபோன அப்பாவுக்கும் அதுவே இருந்திருக்க வேண்டும்.

1872இல் அமெரிக்காவின் ஜார்ஜ் ஹண்டிங்டன் இந்நோயை விவரித்தபோது அவருக்கு வயது 22. தந்தையும் தாத்தாவும் மருத்துவர்கள். ஒரே குடும்பங்களில் தலைமுறைதோறும் அது தொடர்வதை அவர்கள் பார்த்திருந்தார்கள். காரணமான மரபணு 1993இல் கிடைத்தது. நான்காவது குரோமோசோமில் உள்ள அந்த மரபணுவில் சி-ஏ-ஜி என்ற டிஎன்ஏ மூன்றெழுத்து திரும்பத் திரும்ப அடுத்தடுத்து வருகிறது. 26 முறை வரை வந்தால் கெடுதல் இல்லை. 40ஐத் தொட்டுவிட்டால், முழு ஆயுளும் வாழ்ந்தால், நோய் வந்தே தீரும். தாயோ தந்தையோ ஒருவரிடமிருந்து வந்தாலே போதும். பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. விந்தணு உருவாகும்போது இந்த வரிசை மேலும் நீண்டுவிடுவது உண்டு. அப்பாவுக்கு நாற்பது வயதுக்கு மேல் வந்தது மகனுக்கு இருபதுகளிலேயே வருவது அதனால்தான்.

பிறவியிலேயே இருக்கும் பிழை இத்தனை ஆண்டுகள் ஏன் சும்மா இருக்கிறது? 2025இல் வெளியான ஓர் ஆய்வு இதற்கு நல்ல விடை தந்தது. இறந்தவர்கள் தானமாக அளித்த மூளைகளில் நரம்பணுக்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்தார்கள். மூளையின் ஆழத்தில் ஸ்ட்ரையேட்டம் என்ற பகுதி இருக்கிறது. அங்குள்ள நரம்பணுக்களில், நாற்பது சொச்சமாக இருந்த வரிசை வாழ்நாள் முழுவதும் நீண்டுகொண்டே போகிறது: 80 முறை வரை மெதுவாக, பிறகு விரைவாக. டிஎன்ஏவைப் பழுதுபார்க்கும் புரதங்களே இந்த நீட்சிக்குத் துணைபோகின்றன என்பதுதான் கொடுமை. 150ஐத் தாண்டிய பிறகே அந்த அணு சீர்கெட்டுச் சாகிறது. எல்லா அணுக்களும் ஒரே நாளில் அந்த எல்லையை எட்டுவதில்லை. ஆகவே ஆள் ஒரேயடியாக விழாமல் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்கிறான்.

எந்த அசைவை விடுவது, எதைத் தடுப்பது என்பதில் ஸ்ட்ரையேட்டத்துக்குப் பெரிய பங்குண்டு. தடுக்கும் பாதையின் அணுக்கள் முதலில் பாதிக்கப்படுவதால், மேட்டுப்பாளையம் இறக்கத்தில் பிரேக் தேய்ந்த லாரி மாதிரி, வேண்டாத அசைவுகளெல்லாம் கட்டுமீறி வெளிவருகின்றன.

குடும்பத்தை அதிகம் நோகடிப்பது அசைவு அல்ல. ஒரு வேலையைத் தானாகத் தொடங்குவதும் கோபத்தை அடக்குவதும் இதே பகுதியோடு பின்னியவை. குளிக்கச் சொல்லாவிட்டால் அவன் நாள் முழுக்கத் திண்ணையில் உட்கார்ந்திருப்பான். சோறு கொஞ்சம் தாமதித்தால் தட்டு பறக்கும். "கை ஆடுகிறதே தம்பி" என்று அக்கா சொன்னால், "எனக்கு ஒன்றும் இல்லை அக்கா" என்பான். அது பொய்யும் அல்ல, பிடிவாதமும் அல்ல. தன் குறையைத் தானே உணரும் திறனையும் நோய் எடுத்துவிடுகிறது. அவனைச் சோம்பேறி என்று திட்டிய ஆண்டுகளை நினைத்து அம்மா அழுதார். திட்டாமல் இருக்கத் தெரிந்ததே வீட்டின் முதல் வைத்தியம் என்பேன்.

இப்போது சாப்பாடும் குளியலும் தினமும் ஒரே நேரத்தில். "என்ன வேண்டும்?" என்று கேட்பதில்லை, "தோசையா, இட்லியா?" என்று கேட்டுவிட்டுப் பதில் வரும்வரை காத்திருக்கிறார்கள். ஓயாத அசைவாலும் நோயின் தன்மையாலும் உடல் மெலிவதால் ஒவ்வொரு வேளையும் நெய் கூடுதலாகச் சேர்கிறது. விழுங்குவது தடுமாறும்போது நீர்த்த தேநீர்தான் எளிதில் புரையேறும். கெட்டியான கஞ்சி பாதுகாப்பானது. சாப்பிடும்போது யாரும் அவனிடம் பேச்சுக் கொடுப்பதில்லை. நோயை நிறுத்தும் மருந்து இன்னும் வரவில்லை. டெட்ராபெனசின் அசைவைக் குறைக்கும், ஆனால் மனச்சோர்வைக் கூட்டக்கூடும். மனச்சோர்வு இந்நோயோடு சேர்ந்தே வருவது. அதற்குத் தனியே சிகிச்சை உண்டு, தள்ளிப்போடக் கூடாது.

அக்காவுக்கும் இந்நோய் வரப் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. அவளுக்கு வரன் பார்க்கிறார்கள். பெங்களூருவின் மனநல, நரம்பியல் மருத்துவமனையான நிம்ஹான்ஸ் போன்ற இடங்களில், மரபணுவைப் பார்க்கும் இரத்தப் பரிசோதனைக்கு முன்னரே மரபியல் ஆலோசனை தருகிறார்கள். பரிசோதித்துப் பார்ப்பதா வேண்டாமா என்பது அவளுடைய உரிமை, மாப்பிள்ளை வீட்டார் கேட்டாலும்கூட. இப்போதைக்கு வேண்டாம் என்றிருக்கிறாள். ஆனால் தம்பியின் பரிசோதனை அறிக்கையைப் பத்திரமாக வைத்திருக்கிறாள். பிறகு குழந்தை பெறுவது பற்றி யோசிக்கும்போது, மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான்.