பல்லில் ஊற்று: ‘ரீஜெனரேட்டிவ்’ வேர்சிகிச்சைக்குத் தமிழ்ப் பெயர்

எட்டு வயதுப் பையன். சைக்கிளிலிருந்து விழுந்து மேல் முன்பல்லில் அடி. குடியாத்தம் பக்கத்திலிருந்து கூட்டிவந்த அம்மா எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “பல்லு செத்துப்போச்சின்னா நரம்பு எடுத்துடுவீங்களா மேடம்?”

வேலூர்ப் பக்கம் வேர்சிகிச்சைக்கு மக்கள் வைத்திருக்கும் பெயரே ‘நரம்பு எடுக்கறது’தான். பாதி சரி. நரம்போடு ரத்தக்குழாய்களும் இணைப்புத் திசுவும் சேர்ந்ததுதான் ‘பல்ப்’. லத்தீனில் ‘புல்பா’ என்றால் சதை, பழச்சதை. பாடநூல் இதைப் பற்கூழ் என்கிறது. எங்களுக்குக் கூழ் என்றால் ஆடியில் அம்மன் கோயிலில் ஊற்றுவது. கற்றாழைச் சோறு என்கிறோமே, அந்தச் ‘சோறு’ இதற்கு இன்னும் பொருந்தும். பனையைப் போலப் பல்லுக்கும் வைரம் வெளியே, சோறு உள்ளே. ஆனால் பற்கூழ் ஊன்றிவிட்டது, இருக்கட்டும்.

நிலைப்பல் முளைத்த பிறகு வேர் நுனி மூடச் சுமார் 3 ஆண்டுகள் ஆகும். அதற்குள் பற்கூழ் செத்தால் வேர் அப்படியே நின்றுவிடும். பையனின் எக்ஸ்ரேயில் வேரின் சுவர் மெலிந்து, அடி வாய்விட்டுக் கிடந்தது. அடியில்லாத குழாயில் எதை அடைப்பது? முன்பெல்லாம் கால்சியம் ஹைட்ராக்சைடை மாதக்கணக்கில் வைத்து நுனியில் ஒரு தடுப்பு உருவாகக் காத்திருந்தார்கள். பிறகு எம்டிஏ சிமென்ட் வந்தது. இரண்டிலும் வாய் அடைபடும், வேர் வளராது.

புதிய முறை வேறு. வேர்க்குழாயைக் கழுவி, சில வாரம் மருந்து வைத்து, கிருமி அடங்கியதும் அட்ரினலின் கலக்காத மரப்பு ஊசி போடுவார்கள். அட்ரினலின் ரத்தக்குழாயைச் சுருக்கிவிடும். பின் ‘ஃபைல்’ என்ற மெல்லிய ஊசி போன்ற கருவியால் வேர்நுனிக்குச் சற்று அப்பால் கீறுவார்கள். குழாய்க்குள் ரத்தம் ஊறி ஏறும், உறையும். நுனியிலுள்ள குருத்தணுக்களும் அதோடு வந்து சேரும். உறைந்த ரத்தத்தின்மேல் எம்டிஏ மூடி. பல பற்களில் வேர்ச்சுவர் தடிக்கிறது, நுனியும் மூடுகிறது. எல்லாப் பல்லிலும் நடக்கும் என்ற உறுதி கிடையாது. முதலில் வைக்கும் மருந்து மூன்று ஆன்டிபயாடிக் சேர்ந்த கலவையாகி, அதில் மினோசைக்ளின் இருந்தால் பல் கறுக்கவும் கறுக்கும்.

இதற்குப் பெயர் வைப்பதில்தான் சிக்கல். 2001-இல் ஜப்பானிலிருந்து வந்த சிகிச்சை அறிக்கை ‘ரீவாஸ்குலரைசேஷன்’ என்றது: ரத்தக்குழாய் மீள வருதல். பிறகு ‘ரீஜெனரேட்டிவ்’ பரவியது. லத்தீனில் ‘ரீ’ மறுபடி, ‘ஜெனராரே’ பிறப்பித்தல். நம் உயிரியல் பாடத்தில் இதற்கு ‘இழப்பு மீட்டல்’; பல்லி வால் நினைவுக்கு வரும். வால் போன இடத்தில் வால். இங்கே பல வேர்களில் உள்ளே வளர்ந்தது பற்கூழ் இல்லை. வேர்க்காரைபோலவும் (வேரின் வெளிப்புறத்தை மூடியிருக்கும் ‘சிமென்டம்’) எலும்புபோலவும் உள்ள திசு. ஆகவே ‘இழப்பு மீட்டல்’ என்பது கொஞ்சம் பெரிய வாக்கு. ஐரோப்பிய வேர்சிகிச்சைச் சங்கம் 2016-இல் ‘ரீவைட்டலைசேஷன்’ என்ற சொல்லையே எடுத்துக்கொண்டது. அதை ஒட்டி ‘வேர் மீளுயிர்ப்பு’ என்பேன். பற்கூழ் திரும்பும் என்று அது வாக்குக் கொடுக்கவில்லை.

அம்மாவிடம் இதையெல்லாம் சொல்ல முடியுமா? பாலாற்றைச் சொன்னேன். காய்ந்த மணலில் ஊற்றுக்கால் வெட்டினால் அடியிலிருந்து தண்ணீர் கசிந்து வருமே, அதுபோல. ஒப்புதல் படிவத்தில் ‘வேர் மீளுயிர்ப்பு சிகிச்சை’ என்று எழுதிக் கையெழுத்து வாங்கினேன். வெளியே போய் அவர் போனில் சொன்னது காதில் விழுந்தது: “பல்லு புடுங்கலியாம் அத்தே. உள்ள ஊத்து தோண்டப்போறாங்களாம்.”