பென்சில் முனையில் சிற்பம் செதுக்குபவர்களின் விரல் ஏன் மரக்கிறது?

பென்சில் முனையில் பிள்ளையார் செதுக்கும் கல்லூரி மாணவர்கள், தெற்காவணி மூல வீதிப் பக்கம் நகையில் கல் பதிக்கும் ஆசாரிகள், சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடும் பெண்கள். மதுரையில் இயன்முறை மருத்துவம் பார்க்கும் என்னிடம் இவர்கள் சொல்வது ஏறக்குறைய ஒன்றுதான்: "விரல் மரத்துப்போகுது சார், வேலையால வர்றதுதானே?" வேலையால் வருவது சரி. அப்படியே விட்டுவிடலாம் என்பதுதான் தப்பு.

விரலை அசைக்கும் தசைகள் விரலுக்குள் இல்லை. முன்கையிலும் உள்ளங்கையிலும் இருந்துகொண்டு, தசைநாண்களால் விரலை இழுக்கின்றன. மணிக்கட்டில் ஒரு குறுகலான பாதை வழியாக 9 தசைநாண்களும் ஒரு நரம்பும் நெருக்கியடித்துக்கொண்டு போகின்றன. மணிக்கட்டை மடக்கியபடி மணிக்கணக்கில் பிளேடைப் பிடித்தால் அங்கே அழுத்தம் கூடி, நரம்பு நசுங்கும். பெருவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரப்பது இதனால்தான். சர்க்கரை நோயோ தைராய்டு குறைபாடோ இருந்தால் வாய்ப்பு இன்னும் அதிகம். சுண்டுவிரல் மரத்துப்போனால் அது முழங்கை வழியாக வரும் வேறு நரம்பு. முழங்கையை மேஜை விளிம்பில் ஊன்றும் பழக்கம் உண்டா என்று முதலில் கேட்பேன்.

கை நடுங்குகிறதே என்று பயந்து வரும் மாணவர்களும் உண்டு. எல்லோர் கையும் நடுங்கும், விநாடிக்கு 8 முதல் 12 தடவை வரை. சாதாரண வேலையில் அது தெரியாது, பென்சில் முனையில் தெரிந்துவிடும். காபியும் தூக்கமின்மையும் அதைக் கூட்டும். ஊசிக் காதுக்குள் சிற்பம் வைக்கும் பிரிட்டன் கலைஞர் வில்லார்ட் விகன், இரண்டு இதயத்துடிப்புகளுக்கு இடையில் கையை அசைப்பதாகச் சொல்லியிருக்கிறார். அது எல்லோருக்கும் வாய்க்காது. நம் ஆசாரிகளின் வழிதான் எனக்குப் பிடித்தது: உள்ளங்கையின் ஓரத்தைப் பலகையில் அழுத்தி ஊன்றிக்கொள்வார்கள். தோளிலிருந்தும் முழங்கையிலிருந்தும் வரும் ஆட்டம் அங்கேயே அடங்கிவிடும், விரல் மட்டும் வேலை செய்யும்.

கண் எரிச்சலுக்குக் காரணம் பெரும்பாலும் இமைக்க மறப்பது. 40 வயதைத் தாண்டியவர்கள் கிட்டத்தில் இருப்பதைப் பார்ப்பதற்கான வெள்ளெழுத்துக் கண்ணாடியைத் தள்ளிப்போடாமல் வாங்கிவிடுங்கள்.

பிளேடின் கைப்பிடியில் துணி சுற்றித் தடிமனாக்குங்கள். மெல்லிய பிடியை இறுக்கிப் பிடிப்பதுதான் பாதித் தொல்லை. மணிக்கட்டு நேராக இருக்கட்டும். அரை மணிக்கொருமுறை கையை விரித்து மடக்குங்கள். அப்புறமும் ராத்திரி மரப்பில் விழித்துக் கையை உதறுகிறீர்கள் என்றால், நரம்பு எவ்வளவு பாதித்திருக்கிறது என்று பரிசோதித்துவிடலாம். பெருவிரலின் அடிச்சதை குழி விழத் தொடங்கியிருந்தால் மட்டும் தைலம் தேய்த்து நாளைக் கடத்தாதீர்கள். வற்றிய தசை முழுதாகத் திரும்புவது கடினம்.