ஜெர்மனியில் திருச்சபை வரி: எந்தப் புராட்டஸ்டண்ட் சபைக்கு உண்டு, எதற்கு இல்லை?

ஜெர்மனியில் வீடு பிடித்துக் குடிபோனால் இரண்டு வாரத்துக்குள் உள்ளூர் அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். அந்தப் படிவத்தில் மதத்துக்கு ஒரு கட்டம் உண்டு. நம் ஊரிலிருந்து போகிற கிறிஸ்தவர்களில் ஆர்.சி. அல்லாதவர்கள், ‘அப்படியானால் நாம் புராட்டஸ்டண்ட்தானே’ என்று ‘எவங்கேலிஷ்’ என எழுதிவிடுவது சுலபம். அப்புறம் சம்பளச் சீட்டில் ‘கிர்ஷென்ஸ்டொய்யர்’ என்று ஒரு பிடித்தம் வரும்போதுதான் விஷயம் புரியும்.

அதுதான் திருச்சபை வரி. 1919ஆம் ஆண்டு வைமார் அரசியல் சட்டத்தின் 137ஆம் பிரிவு, பொதுச் சட்ட அமைப்பாக அங்கீகாரம் பெற்ற சபைகளுக்கு உறுப்பினர்களிடம் வரி வாங்கும் உரிமையைத் தந்தது. 1949இல் வந்த அரசியல் சட்டம் அதை அப்படியே தொடர்ந்தது. பவேரியா, பாடன்-வுர்ட்டம்பெர்க் மாநிலங்களில் 8 சதவீதம், மற்ற மாநிலங்களில் 9 சதவீதம். இது சம்பளத்தில் அல்ல, வருமான வரியில் கணக்கிடப்படுவது. மாதம் 500 யூரோ வருமான வரி கட்டுகிறவருக்கு 9 சதவீதத்தில் 45 யூரோ. பெரும்பாலும் அரசே பிடித்து, சபைக்குக் கொடுத்துவிடும்.

சரி, வரிக்கணக்கில் யார் புராட்டஸ்டண்ட்? லூத்தரன், சீர்திருத்த சபை, இந்த இரண்டும் இணைந்த ஐக்கிய சபை என்ற மூன்று மரபுகளைச் சேர்ந்த 20 வட்டாரத் திருச்சபைகள் ஒரே கூட்டமைப்பில் இருக்கின்றன. ‘எவங்கேலிஷ்’ என்று எழுதினால் நீங்கள் வசிக்கும் வட்டாரத்தின் சபையில் உறுப்பினராகப் பதிவாகிறீர்கள். வெளிநாட்டிலிருந்து வருகிறவர் அலுவலகத்தில் அப்படிச் சொல்வதையே சேர்வதற்கான அறிவிப்பாக எடுத்துக்கொள்வார்கள். அந்த ஒரு வார்த்தைக்கு இவ்வளவு பலம் இருப்பதை யாராவது முன்பே சொல்லி அனுப்ப வேண்டும்.

பாப்டிஸ்ட், மெதடிஸ்ட், பெந்தெகொஸ்தே, இரட்சணிய சேனை ஆகியவையும் வேதத்தின்படியும் வரலாற்றின்படியும் புராட்டஸ்டண்ட் வழியில் வந்தவைதான். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் ஜெர்மனியில் இவை சுதந்திர சபைகள். காணிக்கையில் நடக்கின்றன, இந்த வரியை வாங்குவதில்லை. லூத்தரன்களிலேயே தனித்து நிற்கும் ஒரு சபை உண்டு. அதன் பெயரிலேயே ‘எவங்கேலிஷ்’ இருக்கிறது, உபதேசமும் லூத்தரன் உபதேசம்தான், ஆனாலும் வரி கிடையாது. ஆகவே அரசு பார்ப்பது நீங்கள் எதை விசுவாசிக்கிறீர்கள் என்பதை அல்ல, எந்தச் சபையின் உறுப்பினர் என்பதை.

போப்பை ஏற்காததால் மட்டும் ஒருவர் புராட்டஸ்டண்ட் ஆகிவிட மாட்டார். ‘பழைய கத்தோலிக்கர்’ என்ற பெயருள்ள சபையினர் ரோமிலிருந்து பிரிந்தவர்கள். அவர்களுக்கு வரிப்பதிவில் தனிக் குறியீடு உண்டு, வரியும் உண்டு. ஆர்த்தடாக்ஸ் சபையினர் இரண்டிலும் சேராதவர்கள், அவர்களுக்கு இந்த வரி இல்லை. ஆர்.சி.யினருக்கு உலகம் முழுவதும் ஒரே சபை என்பதால், ஞானஸ்நானம் எந்த ஊரில் நடந்திருந்தாலும் வரி உண்டு.

நம்மவர்களில் சி.எஸ்.ஐ.யினருக்குத்தான் குழப்பம் அதிகம். ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் மரபுகள் 1947இல் இணைந்து உருவான சபை அது. ஜெர்மன் படிவத்தில் அதற்கென்று தனிக் கட்டம் இருக்காது. தமிழ் சுவிசேஷ லூத்தரன் திருச்சபையினருக்கு அங்குள்ள லூத்தரன் ஆராதனை பழகியதுபோலவே இருக்கும். ஜெர்மன் மிஷனரி சீகன்பால்க் 1706இல் தரங்கம்பாடிக்குக் கொண்டுவந்த மரபல்லவா! இவர்கள் வட்டாரச் சபையில் மனமாரச் சேர்ந்தால் மிக நல்லது. போதகர் சம்பளம், ஆலயப் பராமரிப்பு, மழலையர் பள்ளி எல்லாவற்றுக்கும் அந்தப் பணம் போகிறது. கட்டியதை வருமான வரிக் கணக்கில் சிறப்புச் செலவாகக் கழித்துக்கொள்ளவும் முடியும்.

சேர விருப்பமில்லை என்றால் ‘எவங்கேலிஷ்’ என்று பொதுவாக எழுதாமல் உங்கள் சபையின் முழுப் பெயரை எழுதுங்கள். ஊரிலிருந்து கிளம்பும்போதே போதகரிடம் உறுப்பினர் கடிதம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே பதிவாகி, விலக நினைப்பவர் போதகரிடம் சொன்னால் போதாது. மாநிலத்தைப் பொறுத்து நீதிமன்றத்திலோ பதிவாளர் அலுவலகத்திலோ பொதுவாக நேரில் போய் எழுதித் தர வேண்டும்; பல மாநிலங்களில் அதற்குக் கட்டணமும் உண்டு. ஆனால் திருச்சபை நடத்தும் மருத்துவமனைகளில் நர்ஸ் வேலைக்குப் போகிறவர்கள் கையெழுத்துப் போடும் முன் வேலை ஒப்பந்தத்தை ஒருமுறை படித்துவிடுங்கள். விலகுவது அங்கே சில பணிகளைப் பாதிக்கலாம்.