பணம் வந்தது, பாஸ்புக்கில் இல்லை

உசிலம்பட்டிப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சர் நான். உதவித்தொகைப் பொறுப்பும் என் தலையில்தான். ஜூன் பிறந்துவிட்டால் என் மேசையில் கணக்கு நோட்டுகளைவிட ஆதார் நகல்கள்தான் அதிகம் கிடக்கும்.

சென்ற ஆண்டு பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் அம்மா, ஜவுளிக்கடைப் பையில் சுற்றிய பாஸ்புக்குடன் வந்தார். மகள் எட்டாம் வகுப்பிலேயே, மத்திய அரசின் உதவித்தொகைக்கான என்.எம்.எம்.எஸ். தேர்வில் வென்றவள். “பெயர் வந்தது டீச்சர், பணம்தான் வரவே இல்லை” என்றார். புரட்டிப் பார்த்தேன். கணக்குத் தொடங்கியதற்கான வரி மட்டும் அச்சாகியிருந்தது, அதற்குக் கீழே வெள்ளை. கணவர் ஆந்திராவில் முறுக்குக் கம்பெனியில் இருக்கிறார். இவர் மல்லிகை பறிக்கப் போகிறவர். வங்கிக்கு மூன்று முறை அலைந்ததில் மூன்று நாள் கூலி போயிருந்தது. ஒவ்வொரு முறையும் கிடைத்த பதில் ஒன்றுதான்: “ஆதார் இணைத்தாகிவிட்டது, எங்களிடம் எதுவும் வரவில்லை.”

அந்தப் பதிலில் பொய் இல்லை. பணமும் வராமல் இல்லை.

அந்த மாணவிக்கு ஆறாம் வகுப்பில் ஒரு வங்கியில் கணக்கு. பிறகு பள்ளியில் முகாம் போட்டவர்கள் கைரேகை வாங்கி, இன்னொரு வங்கியில் ஒரு கணக்கு தொடங்கிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அட்டை ஒன்று கொடுத்தார்கள், அது தொலைந்தும் போனது. உதவித்தொகை பன்னிரண்டாயிரம் ரூபாய் அந்த இரண்டாவது கணக்கில் மாதக்கணக்காகத் தூங்கிக்கொண்டிருந்தது.

‘ஆதார் இணைப்பு’ என்று நாம் ஒரே பெயரில் சொல்வது இரண்டு வேலைகளை. வாடிக்கையாளர் இன்னார் என்று உறுதிசெய்ய வங்கி ஆதார் எண்ணைக் குறித்துக்கொள்வது ஒன்று. அரசுப் பணம் எந்த வங்கிக்குப் போகவேண்டும் என்று என்.பி.சி.ஐ. என்ற தேசியப் பணப்பரிமாற்ற நிறுவனத்தின் பட்டியலில் பதிவது மற்றொன்று. இதைத்தான் வங்கியில் ‘சீடிங்’ என்பார்கள். ஓர் ஆதாருக்கு அந்தப் பட்டியலில் ஒரே ஒரு வங்கிதான் இருக்கமுடியும், கடைசியாகப் பதிந்ததுதான் செல்லும். விண்ணப்பத்தில் எந்தக் கணக்கு எண்ணை எழுதினாலும், ஆதார் வழியாக வரும் பணம் பட்டியலில் உள்ள வங்கிக்கே போய்ச் சேரும். இது புரியாமல் நானே பல ஆண்டுகள் “ஆதாரை இணைத்துவிட்டு வாருங்கள்” என்று மொட்டையாகச் சொல்லி அனுப்பியிருக்கிறேன். பெற்றோரை அலையவிட்டதில் எனக்கும் பங்கு உண்டு.

மைஆதார் இணையதளத்தில் நுழைந்தால் எந்த வங்கி பதிவாகியிருக்கிறது என்று இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும். ஆனால் ஓ.டி.பி. வரவேண்டுமே! ஆதாரில் கொடுத்த எண் அப்பாவின் பழைய சிம் கார்டு, அது எப்போதோ செத்துவிட்டது என்பதுதான் பாதி வீடுகளின் கதை. முதலில் அந்த எண்ணை மாற்றுங்கள். அதோடு ஐந்து வயதிலும் பதினைந்து வயதிலும் பிள்ளையின் கைரேகையைப் புதுப்பிக்கவேண்டும். 5 முதல் 7 வயதுக்குள்ளும் 15 முதல் 17 வயதுக்குள்ளும் முதல்முறை செய்தால் கட்டணம் இல்லை. இந்த மாணவிக்கும் பணம் எடுக்கப்போன இடத்தில் சின்ன வயதுக் கைரேகை பொருந்தாமல் இன்னும் இரண்டு வாரம் இழுத்தது.

வரவுசெலவு இல்லாததால் கணக்கு முடங்கிவிட்டது என்று வங்கியில் சொன்னால், இது உதவித்தொகைக்காகத் தொடங்கிய கணக்கு என்று எடுத்துச் சொல்லுங்கள். அப்படிப்பட்ட கணக்குகளை இரண்டு ஆண்டு இயங்கவில்லை என்பதற்காக முடக்கக்கூடாது என்ற ரிசர்வ் வங்கி விதி 2024 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கிறது.

என்.எம்.எம்.எஸ். தேர்வில் வென்றுவிட்டால் நான்கு ஆண்டும் பணம் தானாக வரும் என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். ஆண்டுக்கு ரூ.12,000 வீதம் பன்னிரண்டாம் வகுப்புவரை உண்டுதான். ஆனால் ஆண்டுதோறும் தேசிய உதவித்தொகை இணையதளத்தில் புதுப்பிக்கவேண்டும். பத்தாம் வகுப்பில் 60 விழுக்காடு மதிப்பெண் வேண்டும், பட்டியலினத்தவருக்கும் பழங்குடியினருக்கும் 55 போதும். பதினொன்றாம் வகுப்புக்கு வேறு பள்ளி மாறும்போதுதான் பலருக்கு இது அறுந்துபோகிறது. பழைய பள்ளி தன் வேலை முடிந்தது என்று விட்டுவிடும், புதிய பள்ளிக்கு விஷயமே தெரியாது.

யாரும் கேட்டு வராத உதவிகளும் உண்டு. வருவாய் ஈட்டும் தாயோ தந்தையோ விபத்தில் இறந்தாலோ நிரந்தரமாக முடங்கினாலோ, அரசு, அரசு உதவிபெறும் பள்ளி மாணவர் பெயரில் ரூ.75,000 வைப்பு வைக்கப்படும். துக்க வீட்டில் இதை யார் நினைவில் வைத்திருப்பார்கள்? வகுப்பாசிரியர்தான் சொல்லவேண்டும். தூய்மைப் பணியாளர்களின் பிள்ளைகளுக்குப் பத்தாம் வகுப்புவரை ஆண்டுக்கு ரூ.3,500 உண்டு. அதற்குச் சாதியும் பார்ப்பதில்லை, வருமான வரம்பும் இல்லை. சான்றில் தொழிலை எழுதவேண்டுமே என்று கூசி விட்டுவிடுகிறார்கள். அந்தப் படிவத்தை நான் வகுப்பில் நீட்டுவதில்லை, பெற்றோரைத் தனியே அழைத்துப் பேசுகிறேன்.

காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று நம் மதுரையில், ஆதிமூலம் மாநகராட்சிப் பள்ளியில்தான் தொடங்கியது. பொங்கலும் உப்புமாவும் பிள்ளையின் தட்டுக்கே வந்துவிடுகின்றன, ஆதார் எதையும் தடுப்பதில்லை. ரொக்கத்துக்குத்தான் இத்தனை வாசல்கள்.

பணம் கைக்கு வந்த அன்று அந்த அம்மா கேட்டார்: “இரண்டு கணக்கில் எதை வைத்துக்கொள்ளட்டும் டீச்சர்?” பஸ் ஏறாமல் நடந்து போகக்கூடிய வங்கி எதுவோ, அதை வைத்துக்கொண்டு சீடிங்கை அங்கே மாற்றச் சொன்னேன்.